நடுக்கடலில் ஒரு பூனை

1

இந்தக் கதை கடலிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. பேட்டி எடுக்கிறவர்களுக்கு ஒரு தலைப்பு கிடைக்கும். ஆனால் இது வந்தது என் தங்கையின் ஃபோனிலிருந்து. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் பல்கூடத் துலக்காத நேரத்தில் கூப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

"சாயங்காலத்துக்குள்ள சொல்லு. நாளைக்குக் காலையில நான் அவங்களுக்குப் பதில் சொல்லியாகணும்" என்று வைத்துவிட்டாள்.

அவள் ஒரு வேலையை ஏற்பதா வேண்டாமா என்பது என் பதிலில் தொங்குகிறது. எனக்கு யோசிக்கத் தெரிந்த ஒரே வழி எழுதுவது. எழுதினால் நடந்ததெல்லாம் வரிசையில் வந்து நிற்கும் என்று ஒரு நம்பிக்கை. (பல வருடமாக எழுதுகிறேன். இதுவரை எதுவும் வரிசையில் வந்ததில்லை. கடைசி பஸ்ஸுக்கு முண்டுகிற கூட்டம் போலத்தான் வரும்.)

அவள் என்ன கேட்டாள் என்பதை இப்போதே சொன்னால் உங்களுக்குப் புரியாது. முதலில் படகில் ஏறுங்கள்.

முதல் தொடக்கம்: கடல் என்பது

வேண்டாம். ‘கடல் என்பது’ என்று ஆரம்பித்து உருப்பட்டவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

இரண்டாவது தொடக்கம்: அந்தி வானம் செம்பட்டு உடுத்தி

வானத்துக்கு உடை மாற்றிவிடும் வேலையை என்னைவிட இளைஞர்களிடம் விட்டுவிடுகிறேன். அவர்களுக்குக் கை நடுங்காது.

மூன்றாவது: நேற்றுச் சாயங்காலம் நாங்கள் நான்கு பேர் ஒரு படகில் ஏறி, கடலுக்குள் போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

இது நன்றாக இருக்கிறது. அலங்காரம் இல்லை, அலட்டல் இல்லை. ஒரே ஒரு குறைதான். ‘கடலுக்குள் போய்’ என்பது பொய்.

2

என் தங்கை செவிலியர் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால் போய்ச் சேரக்கூடிய வேறொரு ஊரில், இதைவிடப் பெரிய பள்ளிக்குத் தலைமைப் பொறுப்பேற்க அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்குப் போக ஆசை. அதற்கு முன்னால், போவதைப் பற்றிக் கணவரிடம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசிவிட வேண்டும் என்று அதைவிடப் பெரிய ஆசை.

சிக்கல் அங்கேதான். மாப்பிள்ளை உட்கார மாட்டார்.

கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். எழுந்து போவார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். வீட்டில் முக்கியமான பேச்சு தொடங்கும் வாசனை அடித்ததும் அவருடைய ஃபோன் அடிக்கும். அடிக்காவிட்டாலும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். "யாரோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்களாம். வந்துடறேன்." இதை எதிர்த்து யார் என்ன பேச முடியும்? மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் ஒரு நிறைமாத கர்ப்பிணி தொங்கிக்கொண்டிருக்கும்போது, ‘நம்ம வாழ்க்கையைப் பத்திப் பேசணும்’ என்று சொல்கிற பெண்தான் கல்நெஞ்சக்காரி ஆகிவிடுவாள்.

(முதல் பிரதியில் அவரைப் பல் மருத்துவர் ஆக்கியிருந்தேன். உறவுக்காரர் அடையாளம் தெரியக்கூடாதல்லவா? வாசித்த என் மனைவி சொன்னாள்: "பல்லு வலிக்கு யாருங்க பாதிச் சோத்துல எழுந்து ஓடுவா? லிஃப்ட்காரரை லிஃப்ட்காரராவே விடுங்க." விட்டுவிட்டேன். இனி அவர் என்னோடு பேசாவிட்டால் பொறுப்பு அவளுடையது.)

போன வாரம் தங்கை வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, அவர் எழுந்து போக முடியாத இடம் ஒண்ணு சொல்லு."

"ஆபரேஷன் தியேட்டர்."

"விளையாடாத. நானே கண்டுபிடிச்சுட்டேன். கப்பல்ல சாப்பாடு போடறாங்களாம். சாயங்காலம் ஏத்திக்கிட்டுப் போயி, கடலுக்கு நடுவுல சாப்பிட வச்சு, திருப்பிக் கொண்டாந்து விட்டுடறாங்க. நடுக்கடல்ல எழுந்து எங்க போவாரு?"

"நீந்துவார்."

"அவருக்கு நீச்சல் தெரியாது. விசாரிச்சுட்டேன்."

கல்யாணமாகி இத்தனை காலம் கழித்து ஒரு மனைவி தன் கணவனுக்கு நீச்சல் தெரியுமா என்று விசாரித்திருக்கிறாள் என்றால், வேறு குடும்பமாக இருந்தால் போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் ஐஸ்கிரீம் உண்டா என்று கேட்டேன்.

"உண்டு. நீயும் அண்ணியும் வரணும். நாங்க ரெண்டு பேர் மட்டும் போனா அவருக்குச் சந்தேகம் வந்துடும். ஆனா பக்கத்து மேசையில உக்காருங்க. எங்க பேச்சுல தலையிடாதீங்க. முக்கியமா நீ உன் ஜோக்கைத் தூக்கிக்கிட்டு வராத."

"அவர் என்ன சொல்லணும்னு எதிர்பார்க்கற?"

"போன்னும் சொல்ல வேணாம், போகாதேன்னும் சொல்ல வேணாம். உக்காந்து கேட்டா போதும்ணா."

3

கப்பல் என்று அவர்கள் சொன்னது இரண்டு மாடிப் படகு. நுழைவில் வெள்ளைச் சீருடை, தோளில் தங்கப் பட்டை, தலையில் தொப்பியோடு ஒருவர் கைகூப்பி நின்றார். கேப்டன் என்று நினைத்து நான் கொஞ்சம் குனிந்தே வணங்கிவிட்டேன். அவர் அறிவிப்பாளர். உண்மையான கேப்டன் பனியனோடு பின்பக்கம் நின்று இன்ஜினைத் திட்டிக்கொண்டிருந்தார்.

காற்று பலமாக இருப்பதால் மேல்தளம் மூடப்பட்டிருப்பதாகச் சொல்லி எல்லோரையும் கீழ்த்தளத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கக் கண்ணாடிக்கு வெளியே இருட்டிக்கொண்டிருந்த தண்ணீர். மறுபக்கம், கரைப் பக்கம், கனமான திரைகள். ஏறும் பலகையை உள்ளே இழுத்தார்கள். இன்ஜின் உறுமியது. தரை அதிர்ந்தது. சூப் கிண்ணங்கள் கிணுகிணுத்தன. மைக் உயிர்பெற்றது.

"அன்பார்ந்த விருந்தினப் பெருமக்களே! மண்ணின் பந்தங்களை அறுத்துக்கொண்டு, இதோ, நாம் பேராழியின் மடியில் தவழத் தொடங்கிவிட்டோம்!"

கைத்தட்டல். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் ஃபோனை உயர்த்தி, கண்ணாடியில் தெரிந்த தங்கள் முகத்தையே கடல் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

எங்கள் மேசை கரைப் பக்கம், திரையை ஒட்டி. பக்கத்து மேசையில் தங்கை எங்களைப் பார்த்தபடி. மாப்பிள்ளை திரைக்கு முதுகு காட்டியபடி. அவள் புதுச் செருப்பு போட்டிருந்தாள். ஒரு காலை அதிலிருந்து எடுப்பதும் நுழைப்பதுமாக இருந்தாள். பரீட்சை ஹாலில் இருக்கிற பிள்ளை மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை நல்ல மனநிலையில்தான் இருந்தார். லிஃப்ட் கதைகள் சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ள மாட்டிக்கிட்டவங்க பண்ற சத்தியம் இருக்கே மச்சான், கேக்கணும். இனிமே பொய் சொல்ல மாட்டேன், சிகரெட்டை விட்டுடறேன், மாமியாரைக் கூட்டிக்கிட்டு வந்து வச்சுக்கறேன். கதவு திறந்ததும் நேரா சிகரெட் கடைக்குத்தான் போவாங்க."

எல்லோரும் சிரித்தோம். தங்கையும் சிரித்தாள்.

4

இப்போது பூனை.

மீன் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அறிவிப்பாளர், "நாம் இப்போது கரையைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். நிலப்பரப்பு கண்ணுக்கு மறைந்துவிட்டது" என்றார். மறையாமல் என்ன செய்யும், திரை போட்டிருக்கிறார்களே என்று நினைத்து, சும்மா விரலால் திரையை விலக்கிப் பார்த்தேன்.

கையகலத் தூரத்தில் ஒரு பூனை உட்கார்ந்து பின்னங்காலை நக்கிக்கொண்டிருந்தது.

அது உட்கார்ந்திருந்தது கரையில் நட்டிருந்த ஒரு இரும்புக் குற்றியின் மேல். குற்றியைச் சுற்றி, என் தொடை தடிமனுக்கு ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை எங்கள் படகில். அதற்கு அப்பால் டிக்கெட் கவுன்டர். நாங்கள் ஏறும்போது எரிந்த அதே பச்சை விளக்கு. உள்ளே இருந்த பெண் தன் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேராழியின் மடியில் தவழ்கிற படகு, கட்டின இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

திரையை விட்டுவிட்டேன். மறுபடி விலக்கினேன். பூனை அடுத்த காலுக்கு மாறியிருந்தது.

"ஏங்க, முழி ஏன் அப்படிப் போகுது? முள்ளு சிக்கிடுச்சா?" என்றாள் மனைவி.

திரையை அவள் பக்கம் விலக்கிக் காட்டினேன். பார்த்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பிறகு மிகத் தாழ்ந்த குரலில், "வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்" என்றாள்.

என்னைப் போன்ற ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பாருங்கள். ஊதிப்போன பலூனைக் கண்டால் ஊசியோடு ஓடுவதுதான் நான் இத்தனை காலம் செய்த தொழில். இதோ என் கண்முன்னால் இத்தனை பெரிய பலூன், அதற்கு மைக் வேறு. எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஆனால் சொன்னால், பக்கத்து மேசையில் ஒருவருக்கு எழுந்து போக வழி கிடைத்துவிடும்.

வாயை மூடிக்கொண்டு மீனைத் தின்றேன். நடுவில் ஒரு துண்டைத் திரைக்கு வெளியே போட முடியுமா என்று பார்த்தேன். கண்ணாடி திறக்கவில்லை.

5 (அல்லது 6)

தங்கை பேச ஆரம்பித்தாள்.

எனக்கு முழுதாகக் கேட்கவில்லை. அறிவிப்பாளர் அந்த நேரம் பார்த்து வினாடி வினா நடத்திக்கொண்டிருந்தார். உலகின் மிக ஆழமான கடல் எது என்ற கேள்வியின் இடுக்கில், "எனக்கு இது வேணுங்க" என்பது கேட்டது. மிகப் பெரிய மீன் எது என்பதற்கும் பரிசளிப்புக்கும் நடுவில், "உங்களை விட்டுட்டுப் போறேன்னு அர்த்தம் இல்ல" என்பது கேட்டது. மாப்பிள்ளையின் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. முதுகைப் பார்த்து ஒரு மனிதனைப் புரிந்துகொள்கிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சட்டை கசங்கியிருந்தது மட்டும்தான் தெரிந்தது.

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது.

தங்கை சட்டென்று நிறுத்தினாள். என் மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் நகம் இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. மாப்பிள்ளை ஃபோனைப் பார்த்தார். எடுத்தார்.

"சொல்லுப்பா... எந்த பில்டிங்?... இல்லப்பா, வேற யாரையாவது அனுப்பு. நான் நடுக்கடல்ல இருக்கேன்."

ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். "நீ சொல்லு" என்றார் அவளிடம்.

6 (அல்லது 5)

மாப்பிள்ளை எழுந்தார்.

"போச்சு" என்று நினைத்தேன். அவர் பின்பக்கம் இருந்த கழிப்பறைக்குப் போனார். அந்தக் கழிப்பறையில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது, திரை கிடையாது. நான் பிறகு போய்ப் பார்த்தேன். அதன் வழியாகக் குற்றி, கயிறு, கவுன்டர், வாடகைக் கார்கள் நிற்கும் இடம் எல்லாம் தெரியும். ஒரு எட்டு வைத்தால் கரை. கண் இருக்கிற யாரும் பார்க்காமல் இருக்க முடியாது. அவரோ, லிஃப்ட் நிற்கிறதா நகர்கிறதா என்று உள்ளங்காலில் கண்டுபிடிக்கிற ஆள்.

திரும்பி வந்தார். கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். உட்கார்ந்தார்.

(இந்த இரண்டு பகுதிகளில் எது முன்னால், எது பின்னால்? எனக்கு ஞாபகம் இல்லை. இதுதான் என் பிரச்சினை. நான் முழுக்கத் திரைக்கு வெளியே இருந்த பூனையிலேயே இருந்துவிட்டேன்.

மனைவி அடித்துச் சொல்கிறாள்: "அவர் பாத்ரூம் போனது முன்னாடிதான். தட்டுல மீன் இருந்துச்சு." எனக்கு ஞாபகம் இருப்பது, அவர் போனபோது என் முன்னால் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது. "அது நீங்க தின்ன ரெண்டாவது கிண்ணம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல" என்கிறாள். இரண்டாவது கிண்ணம் சாப்பிட்டதே எனக்கு ஞாபகம் இல்லை. இப்படிப்பட்ட சாட்சியை எந்தக் கோர்ட்டும் உள்ளே விடாது.)

7

இறங்கினோம். அறிவிப்பாளர், "மீண்டும் தாய்மண்ணைத் தொடுகிறோம்!" என்றார். மறுபடி கைத்தட்டல். பலகையைப் போட்டார்கள். பூனையைக் காணோம்.

நான் பின்தங்கி நின்று அறிவிப்பாளரின் காதில் கேட்டேன்: "படகு கிளம்பவே இல்லையே சார்?"

அவர் மைக்கை அணைத்தார். மைக் இல்லாமல் அவருக்குச் சாதாரணக் குரல் இருந்தது. "கடல் மோசம்னு துறைமுகத்துல விடல சார். வந்தவங்களை எப்படித் திருப்பி அனுப்பறது? சூப் வேற கொதிச்சுடுச்சு."

"யாரும் கேட்க மாட்டாங்களா?"

"நீங்கதான் சார் முதல் ஆள். பாதிப் பேருக்கு வாந்திகூட வந்துச்சு." அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

கரையில் தங்கையும் என் மனைவியும் முன்னால் நடந்தார்கள். தங்கை செருப்பைக் கையில் பிடித்திருந்தாள். மாப்பிள்ளை அந்தக் குற்றி அருகே நின்றார். குனிந்து கயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"நல்லா இழுத்துக் கட்டியிருக்கான் மச்சான். கொஞ்சம்கூட அசையல."

என் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்

(அழித்துவிடுகிறேன். நெஞ்சு நன்றாகத்தான் துடித்தது. ஐஸ்கிரீம்தான் எதுக்களித்தது.)

"எப்ப பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"எதை?"

"கயித்தை."

அவர் என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். அது அடித்ததா என்று எனக்குத் தெரியாது. "யாரோ மாட்டிக்கிட்டாங்களாம் மச்சான், வந்துடறேன்" என்று இருட்டுக்குள் போய்விட்டார்.

8

ஃபோனைக் கவிழ்த்து வைத்த பிறகு, நடுவில் எழுந்திருக்காமல் அவள் பேசியதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்ன பதில் இது. இன்று காலை அவளே சொன்னாள்: "போ. ஞாயித்துக்கிழமைல நான் வரேன். பஸ்ல வர்றது எனக்கு ஒத்துக்காது. ஆனா வரேன்."

"அப்புறம் என்ன? கேட்டது கிடைச்சுதுல்ல?" என்றேன்.

"கிடைச்சுது. ஆனா அண்ணா, படகு கட்டித்தான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

நான் தலையணையை விட்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"நீ திரையை விலக்கினப்பவே பாத்துட்டேன். ஆனா அவர் முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தாரு. சரி, வந்தது வந்தாச்சு, அவர் திரும்பிப் பாக்கறதுக்குள்ள பேசிடுவோம்னு ஆரம்பிச்சேன். அவர் பாத்ரூம் போனாரே, எப்பண்ணா? நான் பேசறதுக்கு முன்னாடியா, அப்புறமா? பதட்டத்துல எனக்கு ஒண்ணுமே நினைப்பு இல்ல."

"அதைத் தெரிஞ்சு என்ன பண்ணப் போற?"

"தெரிஞ்சே உக்காந்திருந்தார்னா, அந்த ஃபோன்ல நடுக்கடல்ல இருக்கேன்னு சொன்னது எனக்காகச் சொன்னது. அப்ப அந்த வரேன்ங்கறதும் நிஜம். நான் நிம்மதியா போவேன். தெரியாம உக்காந்திருந்தார்னா..." அவள் சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை. "அது லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன் பண்ற சத்தியம்ணா. அதை நம்பி நான் ஊரை விட்டுப் போக முடியுமா?"

"அவர்கிட்டயே கேட்டுடேன்."

"கேட்டா எழுந்து போயிடுவாரு. இல்லன்னா, முன்னாடியே தெரியும்னுதான் சொல்லுவாரு. அதுக்கு எதுக்குக் கேக்கணும்?"

9

முடிவுகள்.

முதலாவது: தங்கை பெட்டியோடு பஸ்ஸில் ஏறுகிறாள். மாப்பிள்ளை ஓடி வருகிறார். ஜன்னல் வழியாக அவள் கையில் ஒரு துண்டுக் கயிறு

வேண்டாம். கயிறு கொடுத்து அனுப்புகிற கணவனை நானே நம்ப மாட்டேன்.

இரண்டாவது, இலக்கியத்தனமானது: மனித உறவு என்பதே கட்டப்பட்ட ஒரு படகு, பயணம் என்று நாம் நினைப்பது வெறும் இன்ஜின் சத்த

இதை வாசித்துவிட்டு மனைவி கேட்டாள்: "அந்த மைக்குக்காரருக்கு எழுதிக் குடுக்கறீங்களா?"

மூன்றாவது முடிவு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. வெளியே சாயங்காலம். மேசையில் ஃபோன் அடிக்கிறது. தங்கைதான்.

"எடுங்க. முன்னாடின்னு சொல்லுங்க" என்கிறாள் மனைவி.

"அது நிஜமா?"

"இத்தனை வருஷமா நீங்க எழுதறதெல்லாம் நிஜமா?"

நியாயம்தான். எத்தனையோ கதைகளில் எதை எதையோ முன்னால் நகர்த்தியிருக்கிறேன், பின்னால் தள்ளியிருக்கிறேன். செத்தவனை இரண்டு பக்கம் கூடுதலாக வாழ வைத்திருக்கிறேன். கை கூசியதில்லை. ஆனால் நான் எழுதிய பொய்யை நம்பி இதுவரை யாரும் ஊர் மாறியதில்லை. ‘முன்னாடி’ என்று சொல்லி அது இல்லையென்றால், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் ஒரு பஸ் நிலையத்தில் போய் நிற்பாள். ‘அப்புறம்’ என்று சொல்லி அதுவும் இல்லையென்றால், தெரிந்தே உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடமிருந்து, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்த அந்த ஒரு தடவையை, நான் தட்டிப் பறித்தவன் ஆவேன். ‘தெரியல’ என்றால், அவள் போக மாட்டாள். அது எனக்குத் தெரியும்.

இன்னும் அடிக்கிறது.

ஐந்தாம் பகுதியும் ஆறாம் பகுதியும் உங்கள் கையில் இருக்கின்றன. நீங்களும் படகில்தான் இருந்தீர்கள், பூனையைப் பார்க்காமல் அவரைப் பார்த்திருக்கவும் கூடும். எது முன்னால், எது பின்னால் என்று நீங்களே வையுங்கள். பிறகு ஃபோனை எடுங்கள். அவள் ‘அண்ணா’ என்பாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எனக்கா? யாரோ எங்கேயோ மாட்டிக்கிட்டாங்களாம். வந்துடறேன்.